விளிம்பில் இருக்கும் பெயர்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
12.6.2024

போனக்காடு எஸ்டேட், கோலப்பன் அவர்களின் குடும்பத்தாருக்கு,

வணக்கம். என் பெயர் பத்மஜா. ஏஜீஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முன்பின் தெரியாத ஒருத்தியிடமிருந்து வரும் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் கடைசிவரை படிக்க வேண்டும்.

போரில் கடலோடு போன மாலுமிகளுக்கு அரசாங்கம் கொடுத்த மெடல்களை நான் சேகரிக்கிறேன். ஒருமுறை சாலைக் கடைத்தெருவில் பழைய இரும்பு வாங்கும் ஓர் ஆக்ரிக் கடையில் கடைக்காரன் பழைய குழாய்களோடு ஒரு மெடலை எடைபோட்டுக்கொண்டிருந்தான். கையில் வாங்கிப் பார்த்தேன். விளிம்பில் ஒரு மனிதனின் பெயர் இருந்தது. அதைத் திரும்பத் தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் ஆரம்பம். தரையில் இறந்தவர்களுக்கு ஒரு பிடி மண்ணாவது உண்டு. கடலில் போனவர்களுக்கு இந்த உலோகம் மட்டும்தான்.

என்னிடம் இருப்பவற்றுள் ஒன்று, 1971 டிசம்பர் போரில் அரபிக்கடலில் மூழ்கிய கப்பலின் என்ஜின் அறையில் வேலை பார்த்த கோலப்பன் என்பவருடையது. அது என்னிடம் வந்து பல வருடம் ஆகிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எழுதி எழுதி, உங்கள் முகவரி இப்போதுதான் கிடைத்தது. மறைந்த மாலுமியின் புகைப்படம் ஒன்றும், அவரைப் பற்றிச் சில வரிகளும் அனுப்பினால் மெடலுக்குப் பக்கத்தில் வைப்பேன். பெயருக்கு ஒரு முகம் வேண்டும் அல்லவா?

எனக்குக் காது மந்தம். போன் செய்தால் பாதிதான் கேட்கும். தயவுசெய்து கடிதமாகவே எழுதுங்கள்.

இப்படிக்கு,
பத்மஜா சேஷன்


போனக்காடு
24.6.2024

மேடம்,

உங்கள் கடிதம் என் கையில் கிடைத்தது நல்ல காலம். தபால் கொண்டுவரும் அபின், எங்கள் வீட்டுக்கு எது வந்தாலும் அங்கன்வாடியில் என்னிடம்தான் தருவான். நான் அங்கே ஹெல்ப்பர். அம்மாவிடம் நேராகப் போயிருந்தால் யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லியிருப்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

‘மறைந்த மாலுமி’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அப்பா மறையவில்லை. அம்மா இன்றும் பொட்டு வைக்கிறாள். சுவரில் அப்பா படம் இருக்கிறது, அதற்கு மாலை போட்டதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அவருக்கு ஒரு வேட்டி வாங்கிப் பெட்டியில் வைக்கிறாள். பென்ஷன் பேப்பரில் கைநாட்டு வைக்கச் சொன்னபோது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டவள் அவள். அப்படி ஒரு வீட்டுக்கு நீங்கள் மெடல், போட்டோ என்று எழுதுகிறீர்கள்.

போட்டோ கிடையாது. எழுத வேண்டாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அங்கன்வாடி விலாசத்துக்கு, என் பெயருக்கு எழுதவும்.

பிந்து (கோலப்பன் மகள்)

தமிழ் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு வரை படித்ததுதான். அதற்கப்புறம் எல்லாம் மலையாளம். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.


ஸ்ரீவராகம்
1.7.2024

அன்புள்ள பிந்து,

மன்னித்துக்கொள். வயதில் சின்னவள் என்று நினைத்து ஒருமையில் எழுதுகிறேன். உன் அப்பா கப்பலோடு போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

உன் கடைசி வரியைப் படித்துத்தான் மறுபடி எழுதத் துணிந்தேன். போட்டோ வேண்டாம். கேட்டது தவறு. இங்கே என் நிலைமையைச் சொன்னால், நான் ஏன் முகங்களுக்கு அலைகிறேன் என்று உனக்குப் புரியலாம்.

என் கணவர் சேஷனுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். வலது பக்கம் அசையாது. பேச்சும் போய்விட்டது. ‘சரி’ என்ற ஒரே வார்த்தை மட்டும் வருகிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் சரி என்று சொல்லாத மனுஷர். இப்போது பசியா என்று கேட்டால் சரி, வலிக்கிறதா என்றால் சரி. ரெம்யா என்ற ஹோம் நர்ஸ் காலையில் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவாள். மற்ற நேரம் நான்தான். நான் கண்ணில் படாவிட்டால் கட்டிலை இடது கையால் தட்டத் தொடங்கிவிடுவார். கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருக்கிறேன், பத்மநாபசாமியைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. மகன் சாய் பெங்களூரிலிருந்து போன் செய்வான். ‘நீ எப்படிம்மா இருக்கே’ என்பான். எனக்குப் பாதி கேட்காது. நானும் சரி என்று சொல்லிவிடுவேன்.

மெடல்கள் அவர் கட்டிலுக்குப் பக்கத்து மேஜை டிராயரில் இருக்கின்றன. மத்தியானம் அவர் தூங்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பைப் படிப்பேன். அந்த நேரம்தான் எனக்கு இந்தத் தெருவை விட்டு வெளியே போன மாதிரி.

பத்மஜா


போனக்காடு
19.7.2024

மாமி,

மேடம் என்று எழுத இனி கை வரவில்லை. ஸ்ரீவராகத்தில் உள்ளவர்களை மாமி என்றுதான் கூப்பிடுவார்கள் என்று இங்கே டீச்சர் சொன்னாள்.

மழையில் பஸ் ஓடவில்லை. தபாலும் வரவில்லை, போகவும் இல்லை. அதனால்தான் தாமதம். இங்கே போனுக்கு சிக்னல் கிடைப்பது ஃபேக்டரிப் பக்கம் ஓர் இடத்தில்தான். எல்லாரும் அங்கேதான் நின்று பேசுவார்கள். என் விஷயம் மலை முழுக்கத் தெரிவதற்குக் கடிதமே மேல்.

நீங்கள் உங்கள் வீட்டைச் சொன்னீர்கள். நான் எங்கள் வீட்டைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது தொழிலாளர் லைன் வீடு. பக்கத்து வீடுகளில் ஆள் இல்லை. எல்லாரும் விதுர, நெடுமங்காடு என்று இறங்கிப் போய்விட்டார்கள். கூரை ஒழுகுகிறது. அம்மா அசைய மாட்டாள். “அவருக்குத் தெரிஞ்ச விலாசம் இதொண்ணுதான். நாம மாறிப் போனா அவரு எங்கிட்டுத் தேடுவாரு?” என்பாள்.

எனக்குக் கல்யாணம் வந்தது. தாணு என்று பெயர். எஸ்டேட் ஜீப் ஓட்டினான். எனக்கும் பிடித்திருந்தது. அவன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அம்மா கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அப்பா இல்லாமல் தாரை வார்ப்பது அவளுக்கு என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அவள் வாயால் அதைச் சொல்ல வைக்கக் கூடாது என்று, “எங்கப்பா வராம எனக்குக் கல்யாணம் வேண்டாம்” என்று நானே முந்திச் சொன்னேன். தாணு கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தான். இப்போது கல்லாற்றில் அவனுக்குக் கடை இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பஸ் அந்த வழியாகப் போகும்போது நான் மறுபக்கம் பார்ப்பேன்.

ஒன்று கேட்கிறேன். விளிம்பில் என்ன எழுதியிருக்கிறது? உங்கள் கடிதம் வரும்வரை அப்பா பெயர் எழுதிய ஒரு காகிதம்கூட நான் பார்த்ததில்லை. அம்மா எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டாள் என்று சொல்வார்கள்.

முடிந்தால் அந்த மெடலை எனக்குத் தர வேண்டும். அம்மாவிடம் காட்ட மாட்டேன். கையில் வைத்துக்கொள்ளத்தான்.

பிந்து


ஸ்ரீவராகம்
29.7.2024

அன்புள்ள பிந்து,

வட்டமான மெடல். வெள்ளை உலோகம், நாள்பட்டு மங்கியிருக்கிறது. முன்பக்கம் சிங்க முத்திரை. விளிம்பில் இங்கிலீஷ் எழுத்தில் முதலில் ஓர் எண், பிறகு ‘கே. கோலப்பன்’, பிறகு அவர் பார்த்த வேலையின் சுருக்கம். ‘ப்ப’வுக்கான எழுத்து ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்ந்து விழுந்திருக்கிறது. கொத்தியவனின் கை நழுவியிருக்க வேண்டும். நூல் நாடா இல்லை. மஞ்சளோ புளியோ போட்டுத் தேய்க்காத மெடல். தேய்த்தால் எழுத்து போய்விடும்.

நீ கேட்ட மற்றதற்குப் பதில் எழுத நிறைய யோசித்தேன். பொய் சொல்ல விருப்பமில்லை. என்னால் தர முடியாது.

அதையும் நான் ஆக்ரிக் கடைக் குப்பையிலிருந்துதான் எடுத்தேன். உருக்கிக் கரண்டிக் காம்பாகப் போக வேண்டியது. இத்தனை வருடம் நான்தான் அந்தப் பெயரைத் தினமும் படித்தேன். உங்கள் வீட்டில் அந்தப் பெயரையே எரித்துவிட்டீர்கள். உனக்கு அனுப்பினால் நீ அதை எங்கேயாவது ஒளித்து வைப்பாய். உன் அம்மா கண்டுபிடித்து எறிவாள். நீ இங்கே வந்து பார்த்துவிட்டுப் போகலாம். கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நடக்கும் தூரம்தான்.

கடுமையாக எழுதுவதாக நினைக்காதே. என்னிடம் வேறு எதுவும் இல்லை.

பத்மஜா


போனக்காடு
8.8.2024

பத்மஜா அம்மாவுக்கு,

நடக்கும் தூரம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் இங்கிருந்து பஸ் ஏறினால் திரும்ப இருட்டிவிடும். அம்மாவை அதுவரை தனியே விட்டால் கண்புரை விழுந்த கண்ணோடு என்னைத் தேடி ரோட்டில் இறங்குவாள். யானை இறங்குகிற ரோடு. உங்கள் வீட்டுக்காரர் கட்டிலைத் தட்டுவார் என்று நீங்கள் வாசல் தாண்டாமல் இருக்கிறீர்கள் அல்லவா? எனக்கும் அதே கதிதான். அது தெரிந்தும் வந்து பார் என்கிறீர்கள்.

கடலில் போனவர்களுக்கு ஒரு பிடி மண் இல்லை என்று முதல் கடிதத்தில் வருத்தப்பட்டீர்கள். அவர்களை எடுத்து எங்கே வைத்தீர்கள்? டிராயருக்குள். இருட்டில். மத்தியானம் ஒருமுறை வெளிச்சம் காட்டுவீர்கள். என் அப்பா ஏற்கனவே ஒரு என்ஜின் அறைக்குள் கதவு சாத்திக்கொண்டு போனவர். இன்னொரு முறை சாத்தி வைத்திருக்கிறீர்கள்.

எழுந்து போக முடியாதவர்களைத்தான் உங்களுக்குப் பிடிக்கும் போலிருக்கிறது.

இனி எழுத மாட்டேன்.

பிந்து


ஸ்ரீவராகம்
16.8.2024

பிந்து,

மெடலை ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பஞ்சு சுற்றி, மாத்திரை டப்பாவில் இருக்கிறது. திறக்கும்போது கீழே விழாமல் பார்த்துக்கொள்.

ரெம்யாவை உட்கார வைத்துவிட்டு நானே போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். திரும்பி வரும்போது தெரு முனையிலேயே கட்டில் தட்டும் சத்தம் கேட்பதுபோல இருந்தது. எனக்குத்தான் காது கேட்காதே.

நீ எழுதிய கடைசி வரிக்கு முந்தின வரி உண்மை.

பத்மஜா


போனக்காடு
2.9.2024

மாமி,

எழுத மாட்டேன் என்று சொன்னது நான். எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

“சேச்சிக்கு ரெஜிஸ்டர் உண்டு” என்று அபின் கொண்டுவந்து தந்தான். அங்கன்வாடி சமையலறையில், பயறு டின்னுக்குப் பின்னால் சில நாள் வைத்திருந்தேன். பிள்ளைகள் தூங்கும்போது எடுத்து விரலால் தடவுவேன். தாழ்ந்து விழுந்த அந்த எழுத்து விரலில் தட்டுப்பட்டது. எனக்கு வந்த சந்தோஷம் போகப் போக வேறு மாதிரி ஆயிற்று. இவ்வளவு நாள் ஒரு பொய்க்குள் இருந்தோம், அது பொய் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்துவிட்டால் இறங்கிப் போய்விடலாமே என்று தோன்றியது. நான் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. மழை. அம்மா ஒழுகாத மூலையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மெடலை அவள் மடியில் வைத்தேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகக்கூட இல்லை. கட்டைவிரலை விளிம்பில் ஓட்டினாள்.

“ஏட்டி, இது எப்பிடித் திரும்பி வந்திச்சு?” என்று கேட்டாள்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. “திரும்பியா?” என்றேன்.

“விதுரயில ஆக்ரிக்காரன்ட்ட நான்தான போட்டேன்.”

மாமி, அவள் எதிரே உட்கார்ந்தேன். “அப்பா வருவாருன்னு நீதானேம்மா சொன்னே?”

“மொதல்ல நம்பித்தான் சொன்னேன். ஆளைக் காணலன்னுதான் தந்தி வந்திச்சு. காணலன்னா தேடுதாங்கன்னுதான அர்த்தம்? பெறவு நீ சின்னப்பிள்ளையா இருக்கும்போ இது தபால்ல வந்திச்சு. உங்க தாத்தா கையில வெச்சுக்கிட்டு அழுதாரு. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

“பின்ன ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீ பள்ளிக்கூடத்துல ‘எங்கப்பா கப்பல்ல வருவாரு’ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே. நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்தேன். தாணு வீட்டுக்காரங்க வந்தாங்கள்ளா, அன்னைக்கு இதை மடியில முடிஞ்சு வெச்சிருந்தேன், கேட்டியா. அவங்க முன்னால எடுத்துக் காட்டி, இவளுக்கு அப்பன் இல்ல, நான் இருக்கேன், நானே கட்டிக் குடுக்கேன்னு சொல்லணும்னு நின்னேன். அதுக்குள்ள நீ முந்திக்கிட்டே. அப்பா வராம கல்யாணம் வேண்டாம்னுட்டே. இந்தப் பிள்ளை மனசுல இவ்வளவு இருக்கே, இதைப் பாத்தா உசுர விட்டுருமேன்னு பயந்து போயிட்டேன். அடுத்த சந்தைக்கே கொண்டு போட்டுட்டேன்.”

“நான் உனக்காகத்தாம்மா அப்படிச் சொன்னேன்.”

“எனக்காவா?” என்றாள். நானும் அழவில்லை, அவளும் அழவில்லை. முறத்தில் இருந்த அரிசியைத் திரும்பத் திரும்பப் பரப்பிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில், “அத்தனை வேட்டியும் வீணாப் போச்சே” என்றாள்.

அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

பிந்து


ஸ்ரீவராகம்
9.9.2024

அன்புள்ள பிந்து,

உன் கடிதத்தை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். ஏன் என்று தெரியவில்லை. யாராவது என்னோடு சேர்ந்து கேட்க வேண்டும் போலிருந்தது. “உசுர விட்டுருமேன்னு பயந்து போயிட்டேன்” என்ற இடத்தில் அவர் சரி என்றார். இந்த முறை பழக்கத்தில் சொன்னதாகத் தோன்றவில்லை.

ஒரே அறைக்குள் இரண்டு பேர், அடுத்தவள் தூங்கட்டும் என்று இருவருமே மூச்சை அடக்கிக்கொண்டு விழித்திருந்த மாதிரி இருந்திருக்கிறீர்கள். எத்தனை வருஷம் பிந்து! நினைத்தால் கோபமாக வருகிறது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

ஆனால் கதவு திறந்துவிட்டது. இனி உன்னை யாரும் பிடித்து வைக்கவில்லை. போ. விதுரயில் ஒரு வாடகை வீடு பார். இல்லை, ஒருநாள் சும்மா பஸ் ஏறி எங்கேயாவது போய் வா. எனக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. அது எப்படித் திறக்கும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவே கூடாது. நீயாவது போ.

பத்மஜா


போனக்காடு
30.9.2024

மாமி,

போ என்று எழுதுவது சுலபம்.

போனேன். அம்மாவே அனுப்பினாள். “நான் ரோட்டுல எறங்க மாட்டேன், நீ போயிட்டு வா” என்றாள். நெடுமங்காடு பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். ஒரு மசால் தோசை சாப்பிட்டேன். பிறகு எங்கே போவது என்று யோசித்தேன். எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதுதான் கஷ்டமாக இருந்தது. முன்பெல்லாம் மருந்து வாங்க வந்தால்கூட, அம்மா தேடுவாளே என்று ஓடி ஓடித் திரும்புவேன். இப்போது யாரும் தேடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். சின்ன வயசில் போக வேண்டிய இடங்கள் எல்லாம் இருந்தன. இப்போது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வந்த பஸ்ஸிலேயே ஏறித் திரும்பினேன். கண்டக்டர், “இத்ர வேகம் திரிச்சோ சேச்சி?” என்று, நான் இவ்வளவு சீக்கிரம் திரும்பியதைப் பார்த்துச் சிரித்தான்.

வீட்டில் அம்மா மெடலைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். பளபள என்று இருக்கிறது. எழுத்து போகவில்லை. அப்பா படத்துக்குக் கனகாம்பர மாலை போட்டிருக்கிறாள். பொட்டை மட்டும் அழிக்கவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்து, “இத்தனை நாள் வெச்சாச்சு. இனி யாருக்குப் பயந்து அழிக்கணும்?” என்றாள்.

அவளுக்கு உங்களைப் பார்க்க வேண்டுமாம். “அவரை வெச்சிருந்த அம்மாவை நான் பாக்காண்டாமா?” என்கிறாள். அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். அப்பா படத்தையும் கொண்டு வருகிறாள். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று சொல்லச் சொன்னாள்.

பிந்து


ஸ்ரீவராகம்
22.10.2024

அன்புள்ள பிந்து,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

உன் அப்பா படத்தில் இவ்வளவு சின்னப் பையனாக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. இத்தனை வருடம் அந்தப் பெயரை ஒரு பெரிய மனிதராக நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. தொப்பி காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்கு ஒரு பேரன் இருந்தால் அந்த வயசு இருக்கும்.

சாப்பிட்டு முடிந்ததும், கடலைப் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னாய். உன் அம்மா இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எனக்கு அந்தக் கடலைப் பாக்காண்டாம். நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இவருட்ட இருக்கேன். உக்காந்து உக்காந்து எனக்குப் பழக்கம்” என்றாள். நான் தயங்கினேன். அவர் தட்டுவார் என்றேன். “தட்டட்டும். நானும் தட்டுதேன்” என்றாள் உன் அம்மா உலகம்மை. அப்படித்தான் நான் வாசலைத் தாண்டினேன்.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. சங்குமுகம் கடற்கரையில் நீ டீ வாங்கப் போனாயே, அப்போது நான் மண்டபத்துப் பக்கம் கால் கழுவப் போனதாகச் சொன்னேன். பொய். ரோட்டுக்கு ஏறி ஆட்டோவில் உட்கார்ந்தேன். “தம்பானூர்” என்றேன். ரயில்வே ஸ்டேஷன். கையில் பர்ஸ் இருந்தது. எந்த ரயில் என்றுகூட யோசிக்கவில்லை. அவரை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். நான் இல்லாமலும் அந்த வீட்டில் மூச்சு ஓடும். அந்த ஒரு நினைப்பு என்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று. முகத்தில் காற்று அடித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

ஈஞ்சக்கல் சிக்னலில் ஆட்டோ நின்றது. எங்கள் தெருவுக்குத் திரும்பும் வழி கண்ணில் பட்டது. அந்த வழியைப் பார்த்துக்கொண்டே, வேறு பக்கம் போகச் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் ஞாபகம் வந்தது என்று எழுதினால் நல்லவளாகத் தெரிவேன். அவர் ஞாபகம் வரவில்லை. உன் அம்மா ஞாபகம்தான் வந்தது. அவளை இன்னொரு ஸ்டூலில் காத்திருக்க வைத்துவிட்டுப் போக முடியவில்லை. “திரும்ப சங்குமுகத்துக்கே போப்பா” என்றேன். டிரைவர், “அம்மே, எந்தெங்கிலும் மறந்நோ?” என்று கேட்டான். ஆமாம், மறந்துவிட்டேன் என்றேன்.

நீ அதே இடத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஒன்றும் கேட்கவில்லை. அதனால்தான் இப்போது சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் அவர் கண்ணை விரித்துக்கொண்டு உன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலைத் தட்டவே இல்லையாம். என்ன பேசினார்கள்?

பத்மஜா


போனக்காடு
4.11.2024

அன்புள்ள மாமி,

தெரியும். டீ வாங்கிக்கொண்டு திரும்பும்போது நீங்கள் ஆட்டோவில் ஏறுவதைப் பார்த்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் உங்களுக்குக் கேட்டிருக்காது. இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

கோபம் வரவில்லை. இந்த மாமி திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் யோசித்தேன். நேராக ஸ்ரீவராகத்துக்குப் போக வேண்டும், அம்மாவிடம் சொல்ல வேண்டும், பெங்களூர் மகனுக்குப் போன் செய்ய வேண்டும், அதுவரை மாமாவுக்குக் கஞ்சி யார் கொடுப்பது என்றெல்லாம் ஒவ்வொன்றாகத் தோன்றியது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பக்கம், ‘போங்கள் மாமி, போய்விடுங்கள்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீங்கள் திரும்பி வந்து இறங்கியபோது நிம்மதியாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா என்ன பேசினாள் என்று நானும் பஸ்ஸில் கேட்டேன். அப்பாவைப் பற்றி எல்லாம் சொன்னாளாம். கல்யாணம் ஆன புதிதில் அவர் இவளுக்கு நீச்சல் கற்றுத்தருகிறேன் என்று கல்லாற்றில் இறக்கி, அவரே வழுக்கி விழுந்ததை. லீவு முடிந்து போகும்போது ஜீப்பில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியதை. என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. “அதை எல்லாம் எனக்கும் சொல்லேன்” என்றேன். “அந்த மனுசன் நடுவுல ஒண்ணும் கேக்க மாட்டாரு. நீ கேப்பே” என்றாள். விதுர வரை தூங்கிக்கொண்டே வந்தாள்.

தீபாவளி வந்து போயிற்று. வேட்டி வாங்கவில்லை. பெட்டியிலிருந்த வேட்டிகளைப் பக்கத்து டிவிஷன் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டாள். பெட்டி காலியாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. திறந்து திறந்து பார்க்கிறாள். இறங்கிப் போகலாமா என்று கேட்டால், “எங்க போக? எனக்கு வேற எடம் தெரியாது” என்கிறாள். அப்பாவுக்காக இருந்த வீட்டில் இப்போது அவளுக்காகவே இருக்கிறாள். கூரை ஒழுகுகிற இடத்தில் புதிதாக ஒரு வாளி வைத்திருக்கிறோம்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். ஒரு நாள் அம்மாவை மறுபடி உங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன். அவளுக்கும் அதுதான் வேண்டும். மாமாவிடம் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறதாம். அன்றைக்கு நான் தனியாகப் போவேன். நீங்கள் கூட வர வேண்டாம். எங்கே என்று கேட்காதீர்கள், எனக்கே இன்னும் தெரியாது. ஆனால் வந்த பஸ்ஸில் மட்டும் ஏற மாட்டேன். அதை மட்டும் முடிவு செய்துவிட்டேன். பிறகு ஒரு நாள், அம்மாவோடு நானும் மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அன்றைக்கு நீங்கள் ஈஞ்சக்கலைத் தாண்டிப் போய்ப் பாருங்கள்.

வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறோம். அம்மாவை வாசலில் விட்டுவிட்டு நான் உள்ளே வராமலே போய்விடுவேன். உள்ளே வந்தால் உட்கார்ந்துவிடுவேன், எனக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். நேரமாகிவிட்டால் யாரும் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். சாப்பிட்டுவிடுங்கள்.

பிந்து